உப்பில்லாத சோறு

“ஐயோ...!”

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி அழகையாவின் தோளைக் கிழித்தது. தோட்டத்து லய வீட்டுச் சுவரில் ரத்தம் தெறித்தது.

வெட்டியவன் முருகையா. கூடப் பிறந்த தம்பி!

“இன்னும் ஏன் சாகல நீ...?” உறுமினான். “காலையில உன் உப்புச் சட்டியில புல்லைக் கருக்குற புல்லு மருந்து கலந்தேனே! மத்தியானமே நீ விழுந்திருக்கணும்!”

உப்பா...?

அறுபத்தாறு வயது அழகையா இன்று உப்பையே தொடவில்லை.

நேற்றுத்தான் தெமோதரையில் ரயில் ஏறிப் பதுளைக்குப் போயிருந்தார். வீங்கிய முகம். வீங்கிய கால். சிவப்பாய்ப் போன சிறுநீர்.

“உங்கட உடம்பே உங்கட சிறுநீரகத்தைத் தாக்குது. இந்த வயசில லேசான வருத்தமில்லை,” என்றார் டாக்டர் இளையதம்பி. “புதுசா ஒரு குளிசை வந்திருக்கு, தாறன். ஆனா உப்பைத் தொடக்கூடாது!”

அழகையா இதை மனைவி ரெங்கம்மாவிடம் மட்டும் சொன்னார். நோய் வெளியே தெரிந்தால் கங்காணி வேலை போய்விடும்.

“எதுக்குடா இப்படி...?”

“நீ காலையில பெரட்டுல நின்னு ஆளுக்கு வேலை பிரிச்சு அதிகாரம் பண்ணணும், நான் சாகுற வரைக்கும் மூட்டை தூக்கணுமா? நீ போனாத்தான் நான் கங்காணி!”

“பாவி! ரெங்கம்மாவும் அதே உப்பைத்தானேடா திங்கிறா?”

“தின்னட்டும்!”

அந்த ஒரு சொல்லில் அழகையா வெறி கொண்டார். அடுப்பில் கொதித்த கேத்தலைத் தூக்கினார். தம்பியின் முகத்தில் வீசினார்!

“ஆ...!”

முருகையா கண்ணை மூடிக்கொண்டு கத்தியைச் சுழற்றினான். கதவு நிலையில் குத்தி நின்றது. அழகையா விறகுக் கட்டையால் அடித்தார். முழங்கால் முறிந்தது. விழுந்தான்!

பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன ரெங்கம்மா ஓடி வந்தாள்.

“என்னங்க... ரத்தம்!”

“உப்புல விஷம் வச்சிருக்கான்டி! தின்னியா நீ?”

“இல்லைங்க. உங்களுக்கு ஆகாதது எனக்கு எதுக்கு...? நானும் உப்பில்லாமத்தான் தின்னேன்.” சட்டென்று அவள் முகம் வெளுத்தது. “ஆனா... இனிமே நமக்கு வேணாம்னு, காலையில சட்டி உப்பைத் தம்பி வீட்டு உப்புல கொட்டிட்டேனே! தனியாப் பொங்கித் திங்கிறவராச்சேன்னு...”

முருகையா வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“அப்ப... மத்தியானத்திலருந்து வயித்தைப் புரட்டுறது...?”

குபுக்கென்று வாந்தி எடுத்தான்.

“அண்ணே... டாக்டர்கிட்ட... காப்பாத்துண்ணே...!”

“யாராவது லாரியைக் கொண்டாங்க!” வாசலைப் பார்த்துக் கத்தினார் அழகையா. பிறகு ரத்தம் வழியும் தோளை அழுத்திக்கொண்டு தம்பி பக்கம் குனிந்தார்.

“அவசரக்காரா! கொஞ்சம் பொறுத்திருந்தா என் உடம்பே என்னைக் கொன்னிருக்குமேடா... எனக்குத்தான் உப்பு ஆகாதுன்னு நினைச்சேன். உனக்கு என்னைவிட ஆகாது போலிருக்கே!”