பழக்கிய கை

நாற்பதாம் நாள் மதியம் உணர்தோலின் ஓரத்திலிருந்த பச்சைப் பொட்டு அணைந்தது. தோல் கற்று முடித்துவிட்டது. இனி அதற்குப் புதிதாக எதையும் சொல்லித்தர முடியாது.

தாரணி கணவனைக் கூப்பிட்டாள். மார்பை எடுத்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பதினான்கு மாதங்களில் அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் முறை. கவியரசன் வாசலிலேயே நின்றான்.

"வரலாமா?"

"அதான் கூப்பிட்டேனே."

"டோக்கன் நம்பர் சொல்லாம எப்படி வர்றதுன்னு பாத்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் வழக்கப்படி முதலில் ஜன்னல் திரையை மூடினான்.

இடப்பக்கம் ஒட்டி வளர்ந்திருந்த அந்தத் தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணுணரிகள் இருந்தன. அவை அனுப்புவது நரம்புக்குப் புரிய, தினமும் அரை மணி நேரம் ஒரு கை தொட்டுப் பழக்க வேண்டும். விரல், பஞ்சு, குளிர்ந்த கரண்டி, மறுபடி விரல். பழக்கும் கை இன்னொருவருடையதாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. ஆனால் கற்று முடிக்கும்வரை தோல் கண்ணாடி போல இருக்கும். அடியில் தழும்பு அப்படியே தெரியும்.

"நானே பண்றேன் தாரணி. லீவு சொல்லிடறேன்," என்று தோலை ஒட்டிய அன்றே கவியரசன் கேட்டிருந்தான்.

"வேண்டாங்க. கிளினிக்லயே செஞ்சுடறாங்க. உங்களுக்குத் தோசையே திருப்ப வராது."

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவளே செய்தாள். கிளினிக் படிவத்தில் 'பழக்கியவர்' என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதினாள். யார் கை என்று தோலுக்குத் தெரியவா போகிறது.

இப்போது அவன் கை மெல்ல வந்து படிந்தது.

சூடு தெரிந்தது. அழுத்தம் தெரிந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் தொட்டது அவளுடைய கை. நாற்பது நாளும் குளியலறையில் தொட்ட அதே கை. தாரணி தன் வலது கையைப் பார்த்தாள். அது போர்வையின் மேல் சும்மா கிடந்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

அவன் கண் கலங்கியது. ஒரு நிமிஷம் என்று தாரணி எழுந்து போய், குளியலறையிலிருந்து கிளினிக் பயிற்சியாளர் ரெஜினாவைப் போனில் அழைத்தாள். தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. யார் பழக்கினது?"

"நானேதான்," என்று தாரணி கதவைத் தாழிட்டாள்.

"நம்ம கை நம்மளத் தொட்டா மூளை அதைப் பெருசா எடுத்துக்காதுக்கா. கை அசையறதுக்கு முன்னாடியே அதுக்குச் சேதி போயிடும். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்க முடியறதில்லையே, அதனாலதான். உங்க நரம்பு நாப்பது நாளும் அப்படியே கத்துக்கிச்சு. இனிமே யார் தொட்டாலும் உங்க கைன்னுதான் எடுத்துக்கும்."

"மாத்திக்கலாமா?"

"தோலை எடுத்தா நரம்பும் சேர்ந்து போயிடும். இந்த மாசம் நீங்க ஏழாவது ஆள். ஏன்க்கா எல்லாரும் இதையே பண்றீங்க?"

திரும்பி வந்தபோது அவன் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அறை மங்கலாக இருந்தது. தாரணி ஜன்னலுக்குப் போய்த் திரையை ஓரம்வரை தள்ளினாள். ஒன்பதாவது மாடியின் வெயில் கட்டிலில் விழுந்தது.

"வெளிச்சமா இருக்கே," என்று தயங்கினான். "பரவால்லையா?"

"இருக்கட்டும்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "இது போதும் எனக்கு," என்றான்.

கையை வைத்தான். புறங்கையில் ரோமம், கட்டைவிரல் நகத்தில் எப்போதோ கதவில் நசுங்கிய கறுப்பு. அவன் கை என்று பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"கண்ணை மூடிக்கோயேன்," என்றான் மெதுவாக.

அவள் மூடவில்லை.