வா பெடல்

குதிகால் பக்கம் சாய்த்துவிட்டுப் போயிருந்த கிட்டாரின் வா பெடல், பேட்டரி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் விரல் பக்கம் சாய்ந்திருந்தது.

மணிமாறன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். வீடு பூட்டியிருந்தது, சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. மனைவி கண்ணகி டவுனில் தையல் கடைக்குப் போயிருந்தாள், ஆறு மணிக்கு மேல்தான் பஸ் பிடித்து வருவாள். எலி ஏறினால் சாய்கிற பெடலும் இல்லை அது. இரும்பு உடம்பு, கெட்டியான அச்சு. பெரியவர்கள் என்றால் காலால் அழுத்த வேண்டும். குழந்தை என்றால் மேலே ஏறியே நிற்க வேண்டும்.

அந்த நினைப்பு வந்ததும் அவன் அவசரமாக உள்ளே போய்ப் பெடலைப் பழையபடி குதிகால் பக்கம் சாய்த்தான். மேலே ஒட்டியிருந்த ரப்பர் ஈரமாக இருந்தது. ஓட்டுச் சந்தில் ஒழுகியிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தான். ஓட்டில் ஈரமில்லை.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. பெரம்பலூர் முழுக்கவே நனைந்த கோணிச்சாக்கு வாசம் அடித்தது. ஹைவேஸில் போகிற லாரிகளின் இரைச்சல் மழைக்குள் அமுங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விடுவது மாதிரி கேட்டது. மூன்றடிப் பலகை நடுக்கூடத்தில் கிடந்தது. அதில் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற ஐந்து பெடல்கள். இந்த ஊரில் கச்சேரிக்கு கிட்டார் வாசிக்கிற யாரிடமும் இப்படி ஒரு பலகை கிடையாது என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். மூன்று மாதம் ராவிச் செய்தான், ஓட்டை போட்டான், ஒயர் இழுத்தான். எது முதலில், எது அடுத்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வா பெடலை எக்கோ பெடலுக்கு முன்னால் வைத்தால் ஒரு சத்தம், பின்னால் வைத்தால் வேறு சத்தம். மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதில் அவனுக்குச் சோறு தண்ணீர் மறந்துவிடும்.

மகள் இலக்கியாவுக்கு அந்தப் பலகையில் பிடித்தது வா பெடல் ஒன்றுதான். காலை ஆட்டினால் கிட்டார் "வா வா" என்று வாய் திறந்து பேசும்.

"ஏன்ப்பா அது வா வான்னு கூப்புடுது?"

"ஒன்னயத்தான் கூப்புடுது. ஏறி நில்லு பாப்பா."

அவன்தான் சொன்னான். அவளுக்கு ஐந்து வயது. இரண்டு காலையும் ஒன்றாக வைத்துப் பெடல்மேல் ஏறி நின்று, கிட்டார் கம்பியில் வாயை ஒட்டிப் பேசுவாள். கம்பிக்குக் கீழே சத்தத்தை வாங்குகிற பிக்கப் பழசு. குரலைக்கூட வாங்கிக்கொள்ளும். ஸ்பீக்கர் பெட்டியில் அவள் குரல் பெரிதாக வரும்போது தன் குரலுக்குத் தானே பயந்து சிரிப்பாள்.

ஒரே ஒரு குறை இருந்தது. ஹம். எல்லாப் பெடலுக்கும் கரண்ட் கொடுக்க அவன் தகர டப்பாவுக்குள் டிரான்ஸ்பார்மர் வைத்து ஒரு சப்ளை செய்திருந்தான். அதைப் போட்டாலே ஸ்பீக்கர் பெட்டியில் வண்டு குடைகிற மாதிரி "ங்ங்" என்று நிற்காமல் இரைந்தது. என்னென்னவோ செய்து பார்த்தான். கடைசியில், மேடைக் கச்சேரிக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தான். சப்ளையின் மூன்று முள் பிளக்கைத் திறந்து, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தின் பச்சை ஒயரை வெட்டிவிட்டான். ஹம் நின்றது. வீடே அமைதியானது. அன்றைக்கு அவன் சந்தோஷத்தில் நடுராத்திரி வரை வாசித்தான்.

ஐப்பசியில், செட்டிகுளம் கச்சேரிக்குக் கிளம்ப வேண்டிய மத்தியானம், அவன் குளித்துக்கொண்டிருந்தான். இலக்கியா வாசல் மழையில் ஆடிவிட்டு ஈரக்காலோடு உள்ளே வந்திருக்கிறாள். வா பெடல்மேல் ஏறியிருக்கிறாள்.

ஊருக்குச் சொன்ன கதை இவ்வளவுதான். வீட்டு லைன் பழசு, கரண்ட் கசிந்துவிட்டது என்றான். வீட்டுக்காரர் அழுதுகொண்டே லைனை மாற்றினார். வெட்டிய பச்சை ஒயரைப் பார்த்தது குழுவில் கீபோர்டு வாசிக்கிற பஞ்சநாதன் அண்ணன் ஒருவர்தான். ஒயரை மறுபடி மாட்டி, பிளக்கை முறுக்கி, அவன் கையில் கொடுத்தார்.

"இனிமே இத தெறக்காத மணி" என்றார். அவ்வளவுதான்.

யாருக்கும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அவன் பார்த்தான். சத்தம் கேட்டு, சொட்டச் சொட்ட ஈரத்துண்டோடு ஓடிவந்து, கூடத்து வாசலில் நின்று பார்த்தான். அவள் பெடல்மேல் நின்று கிட்டாரைப் பிடித்தபடி விறைத்திருந்தாள். கண் அவனைப் பார்த்தது. வாய் திறந்தது. "அப்பா வா" என்றாள். அவன் போகவில்லை. உடம்பெல்லாம் ஈரம், பயம், கால் எழவில்லை. இரண்டு நொடி நின்றான். அதற்குப் பிறகுதான் மெயின் சுவிட்சுக்கு ஓடினான்.

பிள்ளை கூப்பிட்டாள். அப்பன் போகவில்லை. ஒரு மாதமாக அவன் நெஞ்சில் வேறு எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பரணிலிருந்து பலகையை இறக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று எடுத்தபோது, எக்கோ பெடலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெடலில் ஒரு வசதி. பட்டனை மிதித்தால் கடைசி இரண்டு நொடிச் சத்தத்தைப் பிடித்துவைத்து, திரும்பத் திரும்பச் சொல்லும். அவள் கால்தான் பட்டிருக்க வேண்டும். கரண்ட் போனால் உதவுமென்று உள்ளே போட்டிருந்த பேட்டரி ஆறு மணி நேரம்தான் தாங்கும். பதினாறு நாள் ஆகியிருந்தது. பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தான். சுருக்கென்று ஒன்றும் இல்லை, செத்த பேட்டரி. விளக்கு மட்டும் எரிந்தது. எப்படி என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அணைந்துவிடுமோ என்று பயந்தான். ஒரு புதுப் பேட்டரியைப் போட்டு, பெட்டியில் மாட்டினான்.

"அப்பா... வா."

இரண்டு நொடி.

"அப்பா... வா."

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. கண்ணகி முதல்நாள் சுவரில் தலையை முட்டி அழுதாள். "நிறுத்துங்க, எம்புள்ளய தூங்க வுடுங்க" என்று காலைப் பிடித்தாள். அவன் நிறுத்தவில்லை. அவள் வீட்டில் இருக்கும்போது சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தான். மூன்று நாளைக்கு முன்னால், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அது வான்னு கூப்புடல."

"என்ன?"

"பாப்பா என்னைக்கி ஒங்கள வா போன்னு பேசியிருக்கா? அப்பாவ வாங்கன்னுதான் சொல்லணும்னு நாந்தான சொல்லிக்குடுத்தேன். எங்க வேணா விசாரிங்க. வாங்கப்பான்னுதான் சொல்லுவா. இது வேற என்னமோ. பாதில அறுந்துருக்கு."

அவள் பிறந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம், பேச்சே ஒரு மாதிரி. சொல்லிவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். மணிமாறனுக்கு அன்று தூக்கம் இல்லை. அறுந்துபோன மிச்சம் அந்த இரண்டு நொடியின் கடைசியில்தான் இருக்கிறது. ஆனால் ஹம் அதை மூடிக்கொண்டிருந்தது. பச்சை ஒயர் மாட்டிய நாளிலிருந்து ஹம் திரும்பி வந்திருந்தது.

பெடல்களைப் பிரித்து வரிசையை மாற்றினான். வா பெடலை எக்கோவுக்குப் பின்னால் கொண்டுவந்தான். இப்போது காலை அழுத்த அழுத்த, அவள் குரலில் அடியில் கிடக்கிற எழுத்தெல்லாம் மேலே வந்தது. உதடு பிரிகிற சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது. வாவுக்குப் பின்னால் நாக்கு மேலே போய் ஒட்டுகிற ஏதோ ஒன்று. அதோடு ஹம் வந்து மூடிக்கொண்டது.

இன்றைக்கு மத்தியானம் கரண்ட் போயிருந்த நேரத்தில் அவன் பிளக்கைத் திறந்தான். பஞ்சநாதன் அண்ணன் முறுக்கிய திருகு. பச்சை ஒயரை வெட்டினான். கேட்டுவிட்டு உடனே மாட்டிவிடலாம். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகுதான் பேட்டரி வாங்கக் கடைக்குப் போய்வந்தான்.

இப்போது ஆறு ஆகப்போகிறது. கரண்ட் இன்னும் வரவில்லை. பிளக்கைச் சுவரில் மாட்டி, சுவிட்சைப் போட்டுவைத்துவிட்டு, செருப்புக்காலோடு பலகைக்கு எதிரே உட்கார்ந்தான். கூடத்தில் இருட்டு மூலையிலிருந்து நடுவுக்கு வந்தது. ஈரச் சிமெண்டு வாசம். அதோடு வேறொரு வாசம், மழையில் ஆடிவிட்டு வந்த குழந்தைத் தலையின் வாசம். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"அப்பா... வா."

பெட்டிக்குக் கரண்ட் இல்லை. ஆனாலும் குரல் வந்தது. பெட்டியிலிருந்து வரவில்லை. பலகைக்குப் பக்கத்திலிருந்து, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வந்தது. ஹம் இல்லை.

வா பெடல் அசைந்தது. மெதுவாக. குதிகாலிலிருந்து விரல் பக்கம். ஏறி நிற்கிற எடை.

"அப்பா... வாணா—"

முன்னால் குனிந்து காதைக் கொடுத்தான்.

"அப்பா... வாணாம்."

வாணாம். அவள் அம்மா கண்ணகியின் ஊர்ப் பேச்சு. "வேணாம்னு சொல்லுடி" என்று எத்தனை தடவை அவளைக் கேலி செய்திருப்பான். சோறு வாணாம், சட்டை வாணாம், பள்ளிக்கொடம் வாணாம். அவள் கூப்பிடவில்லை. ஈரத்தோடு ஓடிவந்த அப்பனைப் பார்த்து, கிட்ட வராதே என்றிருக்கிறாள். கரண்ட் பிடித்திருந்த அந்த நேரத்திலும் அவனைத்தான் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

மணிமாறன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒரு மாதமாக அடைத்திருந்ததெல்லாம் வந்தது. "பாப்பா" என்றான். "என் சாமி."

"அப்பா... வாணாம்."

வாசலில் குடை விழுகிற சத்தம்.

"பாப்பா?"

கண்ணகி. நனைந்த புடவை, வெறுங்கால். அவளும் முழுசாகக் கேட்டுவிட்டாள்.

"பாப்பா! எங்கடி இருக்க? அம்மா வந்துட்டேன்டி!"

இருட்டில், குரல் வருகிற இடத்தைப் பார்த்து ஓடிவந்தாள். பலகையைப் பார்த்து.

அவன் கை பிளக்குக்குப் போனது. பிடித்தும்விட்டான். பிடுங்க வேண்டியதுதான். கையிலேயே இருந்தது.

இன்னொரு தடவை. கேட்டுவிட்டு.

இரண்டு நொடிதான்.

"அப்பா... வாணாம்."

கரண்ட் வந்தது.

ட்யூப்லைட் இரண்டு முறை வெட்டிவிட்டு எரிந்தது. கண்ணகி நின்றுகொண்டிருந்தாள். வலதுகால் வா பெடல்மேல் இருந்தது. கண் அவனைப் பார்த்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பிடுங்கினான்.

அவள் விழுந்தாள்.

கூப்பிட்டான், உலுக்கினான், மார்பில் காதை வைத்தான். மழை மட்டும் கேட்டது. பச்சை ஒயர் துண்டு எங்கிருந்தோ அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கண்ணகியின் பெரிய ஈரத்தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் இருந்தது. இரண்டு சின்னக் கால், ஒன்றாகச் சேர்த்து வைத்தது.

பெடல் குதிகால் பக்கம் இறங்கியது. திரும்ப விரல் பக்கம் ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"அம்மா... வா."

மணிமாறன் "ணாம்" என்கிற மிச்சத்துக்காகக் காத்திருந்தான். அவன் கைக்குள் கண்ணகியின் கை சில்லிட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா... வா."

இரண்டு நொடி.

"அம்மா... வா."

மிச்சம் வரவில்லை.