மொஹசின் எழுதிக்கொண்டிருக்கிறார்

மொஹசின் அனுப்பிய ஒவ்வொரு வரியும் முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. புள்ளியே வைக்கத் தெரியாத தம்பி அவன்.

"லாத்தா. நலமா."

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் புகை ஜன்னல் வழியாக இரும்புத்துரு வாடையாய் இறங்கிக்கொண்டிருந்தது. கரன்ட் தாழ்ந்து டியூப்லைட் முனக, பழைய கம்ப்யூட்டரின் விசிறி யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் நின்று நின்று சுழல, அவனுடைய அக்கா ஜபீன் திரையையே பார்த்திருந்தாள்.

ஆலைக்கழிவைப் பற்றி எழுத ஆர்க்குட்டில் அவள் ஒரு குழு தொடங்கியிருந்தாள், 'கடல்காகம்' என்ற பொய்ப்பெயரில். இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தத் தைரியத்தில் வளைகுடாவிலிருந்து மொஹசினும் எழுதினான், சொந்தப் பெயரில், தான் வேலைபார்க்கும் நாட்டின் அரசைப் பற்றி ஒரே ஒரு வரி. அழித்துவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள். அழித்தான். மறுநாளிலிருந்து அவன் போன் அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்க ஆளில்லை. இன்று மாலைதான் சாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது.

"கடல்காகம் யார்."

ஜபீன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். மொஹசினுக்குத் தெரியாதா அது?

அம்மா பத்ருன்னிசா ஈரக்கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். "எம் புள்ளையா? இன்னா எழுதிக்கினு கீறான்? சாப்ட்டானான்னு கேளுடி."

"உம்மா, இது அவன் இல்ல."

"அவன் பேரு போட்டுகீதே! இன்னா உளர்ற?"

திரையில் அடுத்த வரி வந்தது: "சொன்னால் வீட்டுக்கு வருவேன்."

"பாரு, வர்றேன்றான். இன்னா கேக்கறானோ சொல்லேன்டி."

யாரிடம் போய்ச் சொல்வது? எந்த ஊர்ப் போலீஸிடம்? பச்சைப் புள்ளி காத்திருந்தது. ஜபீன் தட்டினாள்: நான்தான். அவன விட்டுடுங்க.

திரையில் கேமரா ஜன்னல் ஒன்று திறந்தது.

வெள்ளைச் சுவர். நாற்காலி. மொஹசின்.

"எளச்சிட்டான்" என்று அம்மா திரையைத் தடவினாள்.

அவன் கண் இமைக்கவில்லை. எங்கோ கீபோர்டு தட்டும் சத்தம். படத்துக்குக் கீழே: மொஹசின் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"நன்றி லாத்தா."

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

"வீட்டில் இன்னும் யார் யார்."

அவனுடைய இரண்டு கைகளும் முழங்கால்மேல் இருந்தன. அசையாமல்.