வெள்ளிக்கிழமை நிரம்பும் அறை

வேலூர் அலுவலகத்துக்கு வந்த ஜஹீருன்னிசா, நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஆம்பூர் அரசுக் கட்டிடத்தில் தோல் தொழிலாளர் உதவிப் பிரிவு அவர் பொறுப்பு.

"மேஜைக்கு அடியில சென்சார் ஒட்னாங்க மேடம். ஆளு இருக்கற நேரத்தப் பாத்து ரூம் பிரிச்சுக் குடுக்கறாங்களாம். எங்க ரூம் காலியாவே கெடக்குதுன்னு டேட்டா சொல்லுது. திங்கக்கெழம வேலூருக்கு மாத்தி ஆர்டர் வருது. பொம்பளைங்க கூலிய வுட்டுட்டு இவ்ளோ தூரம் வருவாங்களா?"

இடப்பங்கீட்டை ஆய்வு செய்யும் அதிகாரி பிரிசில்லா. கணினியில் அந்த சென்சார்களின் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"உங்க ரூம் யாருக்குப் போவுது?"

"பக்கத்துல சூப்பரின்டென்டென்ட் செந்தில்குமார் சாருக்கு. அவரு ரெக்கார்டு ரூம் நெரம்பி வழியுதாம். சாவி அவருகிட்டதான்."

"அந்தாளு வேலதான் மேடம்," என்றான் டிரைவர் அன்பரசன்.

"ரூம் கேக்கறது குத்தமாய்யா? வெள்ளிக்கெழம போலாம்."

"அன்னிக்கு ஒரே பேஜார் மேடம்," என்றார் ஜஹீருன்னிசா. "தோல் ஷெட்டுங்களுக்கு லீவு. எல்லாரும் எங்க ரூமுக்குத்தான் வருவாங்க."

வெள்ளியன்று ஆம்பூர் கட்டிடத்தின் தாழ்வாரம் முழுக்கப் பெண்கள் நின்றார்கள். பிரிசில்லா செந்தில்குமாரிடம் ரெக்கார்டு அறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒருவரும் இல்லை, நாற்காலிமேல் தூசி. வாசலில் நின்றபடியே செல்போனில் சென்சார் பதிவைப் பார்த்தான் அன்பரசன்.

"இந்த ரூம்ல ஆளு இருக்குதுன்னு காட்டுது மேடம்."

"ஜஹீருன்னிசாவையும் அவங்க ரூம்ல இருக்கறவங்களையும் கொஞ்சம் வெளிய வரச் சொல்லு."

சற்று நேரத்தில் ரெக்கார்டு அறை காலி என்று செல்போன் காட்டியது.

"ஒட்டினவன் மாத்தி ஒட்டியிருப்பான்," என்றார் செந்தில்குமார்.

"மொத வாரம் சரியாத்தான் சார் இருந்துச்சு," என்றார் பிரிசில்லா. "அப்புறம்தான் ரெண்டு சென்சாரும் எடம் மாறிச்சு. பூட்டின ரூமுக்குள்ள யார் போவ முடியும்? டேட்டால உங்க ரெக்கார்டு ரூம் மத்த நாளெல்லாம் வுட்டு வுட்டு நெரம்புது, வெள்ளிக்கெழம மட்டும் கேப்பே இல்ல. காகிதத்துக்கு இன்னா சார் வெள்ளிக்கெழம? நீங்க ஞாயித்துக்கெழம லீவு எடுக்கறவரு. ஷெட்டு லீவு உங்களுக்கு ஞாபகம் வரல."

செந்தில்குமார் குரலைத் தாழ்த்தினார். "ரூமுக்காக இல்ல மேடம். தெனம் அந்தத் தோல் நாத்தத்துல ஒக்காந்து பாருங்க. சோறு எறங்காது."

வரிசையில் நின்றவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஆர்டர் ரத்தாவுமா மேடம்?" என்றார் ஜஹீருன்னிசா.

"ரத்தாவும். ரிப்போர்ட் இன்னிக்கே போவுது. நீங்க போய் வேலயப் பாருங்க."

வரிசை நகர்ந்தது. செந்தில்குமாரைத் தாண்டும்போது முன்னால் நின்ற பெண், அவர்மேல் பட்டுவிடாதபடி தன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.