எங்க ஊருக்கும் வாங்க

என் வீட்டுக்காரர் சுந்தரராஜுக்கு ஒரு பழக்கம். கண்டவர்களையெல்லாம் ஊருக்கு அழைத்துவிடுவார். கொழும்பில் முடிவெட்டினவனை, பினாங்கில் பலகாரம் விற்ற சீனத்துக் கிழவியை, கப்பலில் பக்கத்தில் படுத்திருந்தவனை. "சங்கரன்கோவில் ஸ்டேஷன் ரோட்டுல டீச்சரம்மா வீடுன்னு கேளுங்க, யாரும் காட்டுவாக. ஆடித் தபசுக்கு வாங்க!" நாங்களோ ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிற குடும்பம். கோவில் தபசுத் திருவிழாவுக்கு ஆள் கூட்டுகிறவர் இவர்!

"வாறவனுக்கெல்லாம் யாரு சோறு பொங்குதது?" என்று எரிந்து விழுவேன்.

"யாரு வரப்போறா ஞானம்? வாரேன்னு சொல்லுவாக. அவ்வளவுதான்."

அது உண்மைதான். நம் பக்கத்தில் அழைத்தவர் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்ல வாய் வராது. வாரேன் என்போம். போகமாட்டோம்.

மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பயணக் கட்டுரை எழுதுவதுதான் அவர் வேலை. கல்யாணமான மூன்று வருஷத்தில் வீட்டில் இருந்த நாளைவிட இல்லாத நாளே அதிகம். ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் மலாயா, சயாம் என்று கிளம்பும்போது, "இதுதான் கடைசி, இனி உன்கூடத்தான்" என்று வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொன்னார். எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

சித்திரையில், உச்சி வெயிலில், மதுரைப் பக்கத்து ரயிலில் வந்து இறங்கினார். காய்ச்சலில் பாதி ஆளாக இருந்தார். குதிரைவண்டிக்காரனிடம்கூடப் பேச்சுக் கொடுக்கவில்லை. சட்டையைக் கழற்றி வாங்கினேன். அழுகின இலை நாற்றம் அடித்தது. எத்தனை முறை வெளுத்தும் போகவில்லை.

அன்று சாயங்காலம் என் காதருகே வந்து சொன்னார்.

"சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் நம்ம ஆளுகளைக் கொண்டுபோய் சயாம்ல ரயில் பாதை போட்டான்லா? அதைப் பார்க்கப் போனேன். மூங்கில் காட்டுக்குள்ள நம்ம ஊர்ப் பேச்சு கேட்டுது. எட்டிப் பார்த்தா, கூலியாளுக நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காக. ஒருத்தன் வாசுதேவநல்லூர்க்காரன், மூக்காண்டின்னு பேரு. 'அண்ணாச்சி, தண்ணி இருக்கா?'ன்னான். எங்கிட்ட இல்ல. 'எங்க வீட்டுக்கு வாங்கடே, குடம் குடமாத் தாரேன்'னேன். வாரோம்னாக. 'நீங்களும் மறுபடி எங்க இடத்துக்கு வரணும்'னான். நானும் வாரேன்னுட்டேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"மறுநாள் ரயில் பாலத்துக் காவக்காரன் சொல்லுதான், அங்கன ஆளே கிடையாதாம். அத்தனை பேரும் காலராவில போய் எட்டு வருஷமாச்சாம்."

கொடியில் கிடந்த சட்டையைக் காட்டினார்.

"நனைஞ்சிருந்தாகன்னு சொன்னேன்லா? அன்னைக்கு மழையே இல்ல, ஞானம்."

 காய்ச்சல் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"யாராச்சும் வந்து தண்ணி கேட்டாக் கொடுக்காத."

"நல்லாச் சொன்னீக! இந்த ஊரு வெயில்ல தண்ணி கேட்டவனுக்கு இல்லைன்னு சொன்னா வெளங்குமா?"

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யம்மா, கொஞ்சம் தண்ணி தாங்க."

திறந்தேன். வேட்டி சொட்டச் சொட்ட ஒருவன் நின்றான். தெருப் புழுதி அனலாய்க் கொதிக்கிறது, எங்கள் பக்கம் மழை பெய்து மாதக்கணக்காகிறது. அதெல்லாம் பிறகுதான் உறைத்தது. தாகம் என்று வந்தவனைக் கண்டதும் கை தானாகச் செம்பை எடுத்துவிட்டதே, நான் என்ன செய்ய!

குடித்தான். இன்னும் கேட்டான். குடத்தையே சாய்த்தேன். குடித்த தண்ணீர் அவன் வயிற்றில் தங்கவில்லை. காலடியில் ஒழுகி வாசற்படியை நனைத்தது.

அதே அழுகின இலை நாற்றம்.

"அண்ணாச்சி இருக்காகளா? எங்க இடத்துக்கு வாரேன்னு சொன்னாக. கூட்டிட்டுப் போக வந்தேன்."

கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஞானம், மழை கேக்குதா?"

"மழையுமில்ல, ஒண்ணுமில்ல. படுங்க!"

"ஓட்டு மேல விழுதே."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவரை இறுகக் கட்டிக்கொண்டு, தெரிந்த சங்கீதங்களையெல்லாம் சொன்னேன். உடம்பு கொதித்தது. நெற்றியில் போட ஈரத்துணி எடுக்க அடுக்களைக்குப் போனேன். அடுக்களை எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம்கூட இல்லை.

திரும்பி வந்தால் கட்டில் காலி.

இரண்டு கதவும் உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தன. மெத்தை பிழிந்தால் ஒழுகும் ஈரம். தலையணையில் கறுப்பாய் ஏதோ நெளிந்தது. அட்டை. இரத்தம் குடித்து உப்பியிருந்தது. எங்கள் கரிசல் காட்டில் அட்டை ஏது?

ஊரில் யாரும் நம்பவில்லை. "ஊர் சுத்துத மனுசன், வருவாரு டீச்சர்" என்றார்கள். பத்திரிகைக்காரர்கள் அடுத்த கட்டுரை எப்போது என்று கேட்டார்கள். உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். பாதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்று மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி தாங்க."

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா!

"என்னங்க!" என்று அலறிக்கொண்டு திறந்தேன். என் சுந்தரராஜ்தான். எலும்பும் தோலுமாய், சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். அவருக்குப் பின்னால் தெரு நிறைய ஆட்கள். எல்லாரும் ஈரம். 

செம்பைக் கொடுத்தேன். குடித்தார். காலடியில் ஒழுகியது. "நாந்தாங்க, ஞானம்" என்றேன். ஏதோ வெளியூரில் தண்ணீர் கொடுத்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு.

"நல்ல மனசும்மா உங்களுக்கு. நீங்களும் ஒரு நாள் எங்க ஊருக்கு வரணும்."

பாழாய்ப்போன என் வாய், அது என்னைக் கேட்கவில்லை.

"வாரேன்" என்றேன்.

தெரு காலியாகிவிட்டது. தாழ்ப்பாள் போடவில்லை, போட்டு என்ன ஆகப்போகிறது? அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது, எதிர்வீட்டுச் சேலை கொடியில் காய்ந்து மொடமொடக்கிறது.

எங்கள் வீட்டு ஓட்டின்மேல் மட்டும் மழை விழுகிறது.