எழுதாத வாபஸ் கடிதம்

குடிவரவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருந்த நகல் கடைக்குள் அந்தப் பெண் நுழைந்தபோது, கடைக்காரி தன் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த மெஷினுக்கு ஒரு வியாதி. எதை அச்சடித்தாலும் தாளின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை முடிக் கனத்தில் ஒரு சாம்பல் கோடு விழும். கோட்டைப் பார்த்து அலுவலகத்தில் யாரும் மனுவைத் தள்ளுவதில்லை என்பதால் அவளும் மூன்று மாதமாக ரிப்பேரைத் தள்ளிப்போட்டு வந்தாள்.

"முத்திரை சார்னு ஒருத்தர் இருக்காராமே, அக்கா?"

"அதோ, மூலையில. சத்தம் போட்டுப் பேசுங்க, இல்லாட்டி பேப்பரைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார்."

மூலை மேஜையில் இருந்தவர் எதிர் அலுவலகத்தின் ஏழாம் ஜன்னலில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இப்போது மனு எழுதித் தருவது பிழைப்பு. ஒரு காகிதத்துக்குள் யார் எங்கே பொய் ஒளித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவருடைய ருசி. கடைக்காரிக்கோ அந்த ருசி பைத்தியமாகவே முற்றிவிட்டது. யாராவது கலங்கிய கண்ணோடு வந்தால் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

வந்தவள் ரொட்டித் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை செய்பவள். முப்பது வயதிருக்கும். இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தாள்.

"குடும்ப பர்மிட்டுக்கு மனு போட்டு ஒன்பது மாசம் ஆச்சு, சார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் பர்மிட்டை வச்சுத்தான் எனக்கும் பொண்ணுக்கும் மனு. நடுவுல எங்கப்பாவுக்கு முடியாம போச்சு. மனு நிலுவையில இருக்கும்போது நாட்டை விட்டுப் போனா மனு செத்துடும்னாங்க. அதனால முறைப்படி, திரும்பி வர ஆபீஸ்ல அனுமதி குடுக்கிற ரிட்டர்ன் சீட்டு வாங்கிட்டுத்தான் போனேன். போன மூணாம் நாள் அப்பா போயிட்டார். மூணு வாரம் இருக்கிறதாத்தான் பிளான். ஆனா பொண்ணு போன்ல ஒரே அழுகை. பத்தே நாள்ல திரும்பிட்டேன். வந்த அஞ்சாம் நாள் இந்த நோட்டீஸ்."

முத்திரை நோட்டீஸைப் படித்தார். மனுதாரரே கேட்டுக்கொண்டபடி மனு மூடப்பட்டது, முப்பது நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றிருந்தது. அதில் இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி.

"நீங்க கேட்டுக்கிட்டீங்களா?"

"சாமி சத்தியமா இல்லை, சார்! ஜன்னல்ல போய்ச் சண்டை போட்டேன். இந்தா உன் வாபஸ் கடிதம்னு காப்பி எடுத்துக் குடுத்தாங்க. நான் இதை எழுதவே இல்லை. ஆனா…" அவள் குரல் இறங்கியது. "கையெழுத்து என்னுதுதான். எனக்கே சந்தேகம் வரல."

கடிதம் அந்த நாட்டு அலுவலக மொழியில் இருந்தது. அவளுக்கு அந்த மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். முத்திரை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். "குடும்பக் காரணங்களுக்காக என் மகளுடன் தாய்நாட்டுக்குச் சென்றுவிட்டேன். அங்கேயே நிரந்தரமாகத் தங்க முடிவு செய்திருப்பதால், என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." எல்லாம் அச்செழுத்து. தேதி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. அது அவள் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நாள்.

"ஊர்ல இருந்துக்கிட்டு இதுல கையெழுத்து போட்டிருக்க முடியாது. அப்ப, இங்க உங்க கையெழுத்து போட்ட வெத்துத் தாள் ஏதாவது யாருகிட்டயாவது இருந்துச்சா?"

அவள் உதட்டைக் கடித்தாள். "போறதுக்கு முந்தின நாள் மூணு தாள்ல போட்டு அண்ணிகிட்ட குடுத்தேன். அவரோட அக்கா. எங்க மேல்மாடியில தனியா இருக்காங்க. ஆபீஸ்ல ஏதாவது கேட்டா அவசரத்துக்கு ஆகுமேன்னு."

வெற்றுத் தாளில் கையெழுத்து! இந்த ஜனங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புத்தி வராது என்று கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "சண்டை உண்டா அவங்களோட?"

"பேச்சு வார்த்தையே பாதி நாள் கிடையாது. எங்க மாமியார் ஊர்ல படுத்த படுக்கையா இருக்காங்க. பார்த்துக்க ஆள் இல்லை. யார் போறதுன்னு எப்பவும் ஜாடை மாடையா ஒரு பேச்சு."

"ஆச்சு, முடிஞ்சது!" என்று கடைக்காரி கையைத் தட்டினாள். "அந்தம்மாதான், சார்!"

முத்திரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ரிட்டர்ன் சீட்டு வாங்கின அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"அதுல என்ன சார் இருக்கு? படிவம் எல்லாம் அவரே நிரப்பிக்கிட்டு வந்தார். ஹால்ல உட்கார இடமில்லாம நின்னுக்கிட்டே இருந்தோம். எங்க நம்பரைக் கூப்பிட்டாங்க. அவர் அவசர அவசரமா ஃபைலை நீட்டி, தாளைப் புரட்டிப் புரட்டி, இங்க, இங்க, இங்கன்னு விரல் வச்சுக் காட்டினார். போட்டேன். சீட்டு குடுத்தாங்க. மூணு நாள் கழிச்சுப் பயணம்."

"மகளோடயா?"

"அவளுக்கும் டிக்கெட் போட்டிருந்தோம். கிளம்புற அன்னைக்குக் காலையில பார்த்தா உடம்பு நெருப்பாக் கொதிக்குது. அண்ணிகிட்ட விட்டுட்டு நான் மட்டும் போனேன்."

"நோட்டீஸைப் பார்த்து வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"ஏதோ தப்பு நடந்திருக்கு, மல்லுக்கு நிக்காதே, போயிட்டு அங்கிருந்து புதுசா மனு போடலாம்னார். பொண்ணு அவர் பர்மிட்டோட சேர்ந்து இப்போதைக்கு இங்க இருக்கலாமாம். நான் மட்டும் போகணுமாம். புது மனுன்னா ரெண்டு வருஷம், சார். அவளுக்கு ஆறு வயசு. ரெண்டு வருஷம் போனா என்னை யாருன்னு கேப்பா."

அவள் கண் நிறைந்து வழிந்தது. முத்திரை, கண்ணைத் துடைக்கச் சொல்லிக் கைக்குட்டையை நீட்டத் தெரியாத மனிதர். இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்து வெளிச்சத்தில் பார்த்தபடியே இருந்தார்.

மறுநாள் கடைக்காரியே வலியப் போய் மேல்மாடிக் கதவைத் தட்டினாள். துணி தேய்க்கும் வாசனையோடு கதவைத் திறந்த நாத்தனார் பேச்சை முடிக்கவே விடவில்லை.

"என்னைத் திருடின்னு சொல்லி அனுப்பிச்சாளா? வாங்க, உள்ள வந்து பாருங்க!" பீரோவைத் திறந்து உறையை எடுத்து மேஜையில் உதறினாள். விழுந்தவை மூன்று தாள்கள். மூன்றிலும் அடியில் கையெழுத்து, மேலே வெறும் வெள்ளை. "எண்ணிக்குங்க. அவ ஊருக்குப் போன பத்து நாளும் அந்தக் குழந்தைக்கு ராத்திரி பகலா நெத்தியில துணி போட்டவ நான். பேசறதில்லைதான். அதுக்காக வயித்துல அடிப்பேனா?"

கடைக்காரி சுரத்தில்லாமல் கடைக்குத் திரும்பினாள். "மூணும் பத்திரமா இருக்கு, சார். அதுவும் போக, குழந்தை அந்தம்மா மடியிலயே கிடந்திருக்கு. மகளுடன் போயிட்டேன்னு அவங்க எப்படி எழுதுவாங்க? வீட்டுக்காரருக்கும் தெரியும், குழந்தை இங்கதான்னு. அப்ப வெளியாள் யாரோ!"

"கடிதத்தை ஒரு தடவை நல்லாப் பாரு," என்றார் முத்திரை. "எழுத்தைப் படிக்காதே. தாளைப் பாரு."

பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலது ஓரம் கண்ணில் பட்டது. நோட்டீஸில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை, முடிக் கனத்தில்.

"ஐயையோ, சார். இது நம்ம மெஷின்!"

"முதல் நாளே பார்த்தேன். நீயாப் பார்க்கணும்னு இருந்தேன்."

ஒரு நாளைக்கு இருநூறு பேர் மெயில் அனுப்பி அச்செடுத்துப் போகும் கடை. யார் எதை அனுப்பினாலும் படிக்காமல் அடித்துக் கொடுப்பதைக் கண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். கடையின் பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஷட்டரைப் பாதி இறக்கிய கடையில் நான்கு நாற்காலிகள் போட்டார்கள். புது மனு போடக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று முத்திரை சொல்லி அனுப்பியிருந்தார். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். லிஃப்ட் மெக்கானிக் வாசலில் ஒரு நிமிடம் தயங்கிவிட்டுத்தான் உள்ளே வந்தான். சாதுவான முகம். தண்ணீர் கொடுத்தால்கூட இரண்டு முறை நன்றி சொல்லும் ரகம். இப்படிப்பட்ட முகத்தைத்தான் கடைக்காரியால் தாங்க முடியவில்லை.

"ரிட்டர்ன் சீட்டுப் படிவத்தை முப்பது வருஷம் இந்தக் கையால வாங்கியிருக்கேன்," என்று முத்திரை நிதானமாக ஆரம்பித்தார். "அதுல கையெழுத்து ரெண்டு இடத்துலதான். முதல் பக்கம் ஒண்ணு, உறுதிமொழிக்குக் கீழ ஒண்ணு. இந்தம்மா மூணு போட்டிருக்காங்க. மூணாவது எதுல?"

முத்திரை வாபஸ் கடிதத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

"வெத்துத் தாள் மூணும் வெத்தாவே இருக்கு. அதனால வாபஸ் கடிதம் முழுசா அச்சாகி, அந்த ஃபைலுக்குள்ள அடியில இருந்திருக்கு. படிக்கத் தெரியாத மொழி, கூப்பிட்டுட்டாங்கன்னு அவசரம், காட்டினது சொந்தப் புருஷன். ஏன் பார்க்கப் போறாங்க? தேதியை மட்டும் காலியா விட்டு, அவங்க விமானம் ஏறினப்புறம் பேனாவால போட்டுத் தபால்ல சேர்த்தாச்சு. ஆள் இங்க இருந்தா, நேர்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. வெளிநாட்டுல இருந்தா கேள்வியே கிடையாது, அப்படியே மூடிடுவாங்க. ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்து நானும் எத்தனை மூடினேனோ."

"குழந்தை விஷயம், சார்?" என்றாள் கடைக்காரி. அவளுக்கு விடை தெரியும். ஆனாலும் எல்லார் காதிலும் விழட்டும் என்றிருந்தது.

"அதுதான் மாட்டிவிட்டுச்சு. எழுதின அன்னைக்குக் குழந்தையும் போறதாத்தான் இருந்துச்சு. காய்ச்சல் வந்தது கடைசி நாள். திருத்தணும்னா வேற தாள் அடிக்கணும். வேற தாள்ல கையெழுத்துக்கு எங்க போறது? அக்கா பீரோவுல இருந்து எடுத்தா எண்ணிக்கையில தெரிஞ்சிடும். அனுப்பினா போதும், யார் சரிபார்க்கப் போறான்னு அப்படியே அனுப்பியாச்சு. இவங்க பத்து நாள்ல வராம, சொன்னபடி மூணு வாரம் கழிச்சு வந்திருந்தா, எல்லையிலயே திருப்பி அனுப்பியிருப்பாங்க."

கடைக்காரி அச்செடுத்து வைத்திருந்த மெயிலை மேஜையில் வைத்தாள். அனுப்பியவர் பெயர், தேதி, இணைப்பாக ரிட்டர்ன் சீட்டுப் படிவம், வாபஸ் கடிதம். பயணத்துக்கு நாலு நாள் முன்பு அனுப்பியது. மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

"டேய்!" என்று அலறியது நாத்தனார்தான். "ஏண்டா இப்படிப் பண்ணினே?"

"அம்மாவை யாருக்கா பார்க்கறது?" அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "நீ போக மாட்டேன்னுட்டே. நான் வேலையை விட்டா எல்லாம் போச்சு. இவ அங்க இருந்துட்டா அம்மாவுக்கும் ஆச்சு, பொண்ணும் அம்மாகிட்ட வளரும்னு நினைச்சேன். கெடுதல்னு நினைக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள் அவன் மனைவி. குரல் உயரவே இல்லை.

"கேட்டா நீ முடியாதுன்னு சொல்லியிருப்பே."

"ஆமா. முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே கேக்கறது?"

குற்றவாளி சிக்கியதும் மனசு துள்ளும் என்று கடைக்காரி நினைத்திருந்தாள். ஒரு மண்ணும் துள்ளவில்லை. "ஆதாரம் இருக்கு, சார். நாளைக்கே குடுத்துடலாம். இவங்க மனுவைத் திறந்துடுவாங்க, இல்லையா?"

முத்திரை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இதைச் சொல்லத்தான் அவர் இரண்டு நாளாக நாள் கடத்திவந்தார்.

"திறப்பாங்க. ஆனா பொய்க் கடிதம் குடுத்தவர் பர்மிட்டை அன்னைக்கே ரத்து பண்ணுவாங்க. சட்டம் அப்படி. இந்தம்மா மனுவும் குழந்தை மனுவும் நிக்கறது அந்த பர்மிட் மேலதான். அது போனா ரெண்டும் போச்சு, மூணு பேரும் கிளம்பணும். குடுக்கலைன்னா, இவங்க மட்டும் போகணும், குழந்தை இங்க இருக்கும். மூணாவது வழியை நானும் தேடிப் பார்த்துட்டேன், அம்மா. இல்லை."

மெக்கானிக் முதல்முறையாக நிமிர்ந்தான். அவன் கண்ணில் பயம் வந்திருந்தது. "பதினாலு வருஷம் இங்க நாயா உழைச்சிருக்கேன். ஆத்திரத்துல எதையாவது பண்ணிடாதே. நீ போ, ஒரு வருஷத்துல நானே உன்னைக் கூப்பிட்டுக்கறேன். சத்தியம் பண்றேன். உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அழவில்லை. பிறகு நாற்காலியை முத்திரையின் மேஜைப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"எழுதுங்க, சார்."

"யோசிச்சுக்கங்க, அம்மா. குடுத்தப்புறம் திரும்ப வாங்க முடியாது."

"பத்து நாள் பொண்ணு இல்லாம இருந்து பார்த்துட்டேன். எழுதுங்க."

முத்திரை பேனாவைத் திறந்தார். மெக்கானிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணு டிக்கெட்டுக்குச் சொல்லி வைங்க," என்றாள் மனைவி, அவன் பக்கம் திரும்பாமலே. "உங்கம்மாவை இனி நீங்களே பக்கத்துல இருந்து பார்த்துக்கலாம்."