பொங்காத மருந்து

லென்ஸை வலது கண்ணில் வைத்த மறுநொடி அம்சம் அலறித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குத்தகைக் குடும்பங்களை நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாதென்று தஞ்சாவூர் கோர்ட்டில் அன்று அவள்தான் வாதாட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கமருன்னிஸா வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து கண்ணில் கட்டோடு அவள் திரும்பியிருந்தாள். வாசலில் சங்கக் கொடி கட்டிய வேன் நிறையக் கிராமத்து ஆட்கள். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரப் பண்ணையின் காரியஸ்தர் ரெங்கசாமி முந்தின நாள் மாலை சமாதானம் பேச வந்து, லென்ஸ் சாமான் இருந்த அலமாரியை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். ஆசிட் கலந்துவிட்டார் என்றார்கள். போலீஸார் அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். கைது செய்யாவிட்டால் இந்த வேன் பண்ணை வீட்டுக்குப் போகும். செய்தால் அங்கிருந்து ஆட்கள் கிளம்புவார்கள்.

கமருன்னிஸா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஸ்விட்ச் போர்டுகூடப் பளிச்சென்று இருந்தது. ஒத்தாசைக்கு ஒரத்தநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்கா ராமாயியின் கைவண்ணம் என்றாள் அம்சம். அடுப்படியில் ராமாயி அழுதுகொண்டே உருளைக்கிழங்கு நறுக்கினாள்.

"இந்த லென்ஸ் மருந்து எத்தனை நாளா?" என்று அம்சத்திடம் கேட்டாள் கமருன்னிஸா.

"ஒரு மாசமா, மேடம். எனக்குக் கண்ணுல ஈரம் கம்மி. பழைய மருந்து உறுத்துச்சு. டாக்டர் இதுக்கு மாத்தினாரு."

லென்ஸ் ஊறிய உயரமான குப்பியில் மிச்சமிருந்த மருந்தைக் கமருன்னிஸா ஒரு கிண்ணத்தில் ஊற்றி, உருளைத் துண்டு ஒன்றைப் போட்டாள். நுரைத்தது. பாட்டிலிலிருந்து ஊற்றியதிலும் அப்படியே நுரைத்தது. கல்லூரியில் அவள் படித்தது வேதியியல். மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, பச்சை உருளை பட்டால் நுரைப்பது அதன் குணம்; நச்சு எதுவும் கலக்கவில்லை. ராத்திரி முழுக்க ஊறியும் மருந்தின் வீரியம் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

"ராத்திரி மருந்து ஊத்தினப்ப குப்பியில பொங்குச்சா?"

அம்சம் யோசித்தாள். "தினம் சோடா மாதிரி சத்தம் கேக்கும். நேத்து கேக்கல. கேஸ் நெனப்புல விட்டுட்டேன்."

கமருன்னிஸா மூடியைத் திருப்பினாள். லென்ஸைத் தாங்கும் தண்டின் அடியில் ஒன்றுமில்லை.

"இங்க ஏதோ இருந்திருக்கணுமே?"

"கறுப்பா ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். லென்ஸைக் கழட்டினா எனக்குக் கண்ணு தெரியாது, கவனிக்கல."

"ராமாயி, நேத்து இதைக் கழுவினீங்களா?"

அரிவாள்மனையிலிருந்து ராமாயி நிமிர்ந்தாள். அடியில் கறுப்பாய் அழுக்குக் கட்டி ஒட்டிக்கிடந்ததாகவும், தங்கச்சிக்கு நல்லது என்று பிடுங்கி எறிந்ததாகவும் சொன்னாள். சாக்கடையோரத் தேங்காய் நாரில் அது அகப்பட்டது.

"ஆசிடும் இல்ல, ஆளும் இல்ல," என்றாள் கமருன்னிஸா. "மருந்தைத் தண்ணியா மாத்துறதே இந்தச் சக்கரந்தான். அது இல்லாம மருந்து அப்படியே கண்ணுல ஏறிடுச்சு."

ராமாயி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அம்சம் தடவிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். டாக்டரும் போனில், கருவிழி தப்பித்தது, சில நாளில் ஆறிவிடும், அதுவரை கண்ணாடிதான் என்றார். கோர்ட்டில் வாய்தா கிடைத்தது, குடும்பங்களை வெளியேற்ற ஏற்கெனவே இருந்த தடையுத்தரவும் நீடித்தது. வேனிலிருந்தவர்கள் நடந்ததைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இறங்கி டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

ஸ்டேஷனில் ரெங்கசாமி வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று கமருன்னிஸா சொன்னதும் எழுந்தார். உடனே போகவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு போயிடலியே?"

"போகல."

துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லது. அடுத்த வாய்தாவுல எங்களை என்ன கேக்கணுமோ, அந்தப் பொண்ணே வந்து கேக்கட்டும்."